கூர்வாளும் நித்திரையும்

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் காலச்சுவடு வெளியீடாக வந்தபோது அவர் உயிரோடில்லை. 2015 ஒக்டோபரில் மகரகமையில் புற்றுநோயால் காலமாகியிருந்தார். விமர்சகர்கள் பலர், இதில் இடைச்செருகியது யார் என்ற சண்டையிலேயே நின்றுவிட்டனர். போரிலிருந்து திரும்பியவரின் மனத்தை வாசித்தவர்கள் குறைவு. தயா சோமசுந்தரம் 1990களிலேயே மனவடுக்கள் பற்றி எழுதிய மண் இது. புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்தவர்களோ ஏறத்தாழ 12,000 பேர்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து புலிகளால் விரட்டப்பட்ட சிறுவன் நான். கோபத்தோடுதான் நூலைத் திறந்தேன். அது இன்னும் தீரவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் படலையில், ஒரு காலை இழந்த தகப்பன் நித்திரையில்லை என்றபோது, "டொக்டரிட்டக் காட்டினீங்களா அண்ணை?" என்று கேட்க இந்தப் பக்கங்கள்தாம் என்னைப் பழக்கியிருந்தன.

"காட்டினா, முந்தி எங்க இருந்தனி எண்டெல்லோ கேப்பினம், சேர்."