யாழ் மீட்டுருவும் இலக்கியச் சான்றும்

வழக்கொழிந்த பழங்கருவிகளை ஆர்வலர்க்கும், பண்டை வாழ்வை நடித்துக் காட்டுவார்க்கும் பயன்படுமாறு மரத்தால் மீண்டும் செய்துதரும் தொழில் இன்று பல நாடுகளிலும் வளர்ந்துள்ளது. தமிழகத்திலும் அண்மை ஆண்டுகளில் யாழைச் செய்து இசைப்போரும், விரும்பினார்க்கு விற்போரும் தோன்றியுள்ளனர். இம்முயற்சி போற்றத்தக்கது. எனினும், அங்ஙனம் செய்த கருவியைச் 'சங்ககால யாழ்' என வழங்குங்கால், அப்பெயர்க்குச் சான்று எத்துணை உண்டென ஆராய்தல் இலக்கியம் கற்பார் கடமையாம்.

மரமும் தோலும் நரம்பும் மண்ணில் மடிவன. ஆதலின் சங்ககால யாழ் ஒன்றேனும் நம் கைக்கு எட்டிற்றிலது. எஞ்சிய சான்றுகள் மூன்று: பாட்டும் உரையும், அமராவதி முதலிய இடங்களிற் காணும் வில்வடிவ யாழ்ச் சிற்பங்கள், இன்றும் பர்மிய நாட்டில் வழங்கும் வளைகோட்டு யாழ். இவற்றை ஒருங்குவைத்து ஆராய்ந்த பெருமை விபுலானந்த அடிகளாரைச் சாரும். அவர்தம் யாழ்நூல் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பெற்றது.

பாட்டுச் சான்றுள் தலையாயது பொருநராற்றுப்படை. மான் குளம்பு பதிந்த சுவடுபோல நடுவுயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தல், விளக்குச் சுடர் போன்ற நிறமுடைய தோல், இளஞ்சூல் கொண்டாள் வயிற்றின் மயிரொழுங்கு போன்ற தையல், வளைவாழ் நண்டின் கண்போல் துளையை அடைத்த ஆணி, எட்டாம் நாள் திங்கள் போன்ற வறுவாய், தலையெடுத்த பாம்பு போன்ற கரிய கோடு, மாயோள் முன்கை வளைபோன்ற திவவு, குற்றிய தினையரிசி போன்ற நரம்பு என உறுப்புகளை அப்புலவர் முறையே நிறுத்துகின்றார். கருவியை அணுகிக் கண்டார்க்கன்றி இவ்வுவமைகள் வாயா.

ஆயின், உவமை வடிவையும் நிறத்தையும் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. பத்தலின் நீளம் யாது? கோடு பத்தலில் எவ்வாறு பொருந்திற்று? இன்ன மரம் என்பதும் ஈண்டுக் கூறப்படவில்லை. உளியெடுத்த தச்சனோ இவ்வினாக்களுக்கெல்லாம் விடை கண்டே தீரவேண்டும். உரையாசிரியர் ஐயுற்ற இடத்து இருபொருளும் கூறி அமையலாம். மரம் இருபொருள் கொள்ளாது. எனவே ஒவ்வொரு மீட்டுருவும் பாட்டுக்கு எழுதிய ஓர் உரை எனலாம். அவ்வுரையிற் பிழை நேரின் அது கண்ணுக்குத் தோன்றாது. சான்றாக, திவவுக்கு மாறாக வீணையின் பிரடையை அமைத்தால் சுருதி கூட்டல் எளிதாம். ஆனால் வளைபோற் கோட்டைச் சுற்றிய திவவின் உவமை பொருளிழந்து போம்.

இத்தகைய பிழை அறிஞர்க்கும் நேரும் என்பதற்கு இங்கிலாந்து சான்று தருகின்றது. சட்டன் ஹூ என்னுமிடத்துப் பழங்கப்பற் புதையல் 1939இல் அகழப்பெற்றது. அதனுள் மேப்பிள் மரத்தாலாய இசைக்கருவி ஒன்றன் சிதைவுகள் கிடைத்தன. அறிஞர் அவற்றை முதற்கண் சிறிய ஹார்ப் எனக் கொண்டு உருவமைத்தனர். பின்னர் மீண்டும் ஆராய்ந்து, அது லைர் என்னும் வேறுவகைக் கருவியே என 1970இல் வெளியிட்டனர். மரத்துண்டு கையிலிருந்தும் முதலுரு பிழைத்ததெனின், சொல்லொன்றே துணையாகக் கொண்ட நாம் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! ஆயினும், பிழையை வெளிப்படக் கூறித் திருத்திய அவர்தம் நேர்மை நமக்கு வழிகாட்டியாம்.

யாம் அஞ்சுவது பிறிதொன்று. வகுப்பறையில் மாணவர் இன்றைய மீட்டுருவின் படத்தைக் கண்டு, அதனைக்கொண்டு பாட்டுக்குப் பொருள் கூறத் தலைப்படுவர். பாட்டினின்று பிறந்த உரு, பாட்டுக்கே சான்றாகிவிடின் ஆராய்ச்சி வட்டத்திற் சுழலும். தச்சன் ஊகம் மூலத்துள் இடைச்செருகலாய்ப் புகும். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். பதிப்புப் பணியில் அவர் பாடவேறுபாடுகளைக் குறித்துக் காட்டிய நெறியையே யாழ் செய்வாரும் மேற்கொள்ளலாம். இவ்வுறுப்பு பாட்டினின்று கொண்டது, இது சிற்பத்தினின்று கொண்டது, இது எம் ஊகம் எனக் கருவியோடு ஒரு குறிப்பும் வழங்குதல் தகும்.

முதற்கண் செய்து பார்த்தற்குரிய கருவி ஒன்றனைப் பெரும்பாணாற்றுப்படை சுட்டுகின்றது. குழலூதிச் சலித்த ஆயன், குமிழமரத்தின் உட்டுளையுடைய கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் இசைக்கின்றான். மரமும் நாரும் பெயரோடு கூறப்பட்டமையின் இங்கு ஊகத்துக்கு இடம் குறைவு. பேரியாழின் 21 நரம்புகளைத் தேடுவார், ஆயனின் எளிய கருவியினின்று தொடங்குவாராயின் சான்றும் செயலும் ஒருங்கே நடக்கும் என்பது எம் துணிபு.