ஓர் எழுத்துப் பிழை

பெரியவர்களுக்கு எழுத வராதவர்கள் குழந்தைகளுக்கு எழுதுவார்கள். அதுவும் வராதவர்கள் அந்தப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. லிதியா சுகோவ்ஸ்கயாவின் ‘ஸோபியா பெத்ரோவ்னா’ என்ற சிறிய நாவலை இங்கிலீஷில் மூன்றாம் முறையாகப் படித்து முடித்திருக்கிறேன். குழந்தைப் புத்தகங்களைத் திருத்திப் பழகாத ஒருவரால் இதை எழுதியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

லிதியா 1907-ல் பிறந்தவர். தகப்பனார் கொர்னேய் சுகோவ்ஸ்கி. ருஷ்யக் குழந்தைகளுக்கு அவர் பாட்டுக்கள் மனப்பாடம். 1926-ல், அரசாங்கத்துக்கு எதிரான ஒரு துண்டுப் பிரசுரத்தில் சம்பந்தம் என்று இந்தப் பெண்ணை ஸராத்தவ் நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து, 1928-ல் லெனின்கிராட் அரசுப் பதிப்பகத்தின் குழந்தைப் பிரிவில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே தலைமை ஸாமுயில் மர்ஷாக். அவரோ எழுத்தாளர்களை மட்டும் தேடிப் போகிறவரல்லர். கப்பலில் போனவன், காட்டில் திரிந்தவன், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவன் என்று அனுபவமுள்ளவர்களைப் பிடித்து வந்து எழுத வைத்தவர். அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதைப் புத்தகமாக்குவது லிதியாவைப் போன்ற பதிப்பாசிரியர்களின் பாடு.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மாத்வேய் புரோன்ஷ்டெய்ன் என்ற பௌதிக விஞ்ஞானி. பின்னால் லிதியாவின் கணவரானவர். ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சிறுவர்களுக்காக எழுதினார். (அந்தக் கதையில் நம் குண்டூருக்கும் ஒரு பங்கு உண்டு, 1868-ம் வருஷத்துச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வெள்ளைக்கார விஞ்ஞானிகள் அங்கேதான் கூடாரம் போட்டார்கள்.) விஷயம் தெரிந்தவர் முதலில் எழுதியதில் விஷயம் இருந்தது, உயிர் இல்லை. பாடம் நடத்தும் குரலை உதறிவிட்டுத் தம் சொந்தக் குரலில் அவரைப் பேச வைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதைப் பதிப்பாசிரியர் வேலையைப் பற்றி 1960-ல் வெளியிட்ட புத்தகத்தில் லிதியா சொல்கிறார். என்ன உணர வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லாதே; நடந்ததைச் சொல், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அந்த அறையில் நடந்த வேலையின் சாரம் இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

1937-ல் அந்த அறையே கலைந்து போயிற்று. அங்கே வேலை பார்த்தவர்கள் நாசவேலைக்காரர்கள் ஆனார்கள். சிலர் கைதானார்கள், லிதியாவுக்கு வேலை போயிற்று. ஆகஸ்டு மாதம் புரோன்ஷ்டெய்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்து வருஷம், கடிதத் தொடர்பு கிடையாது என்று மனைவிக்குச் சொல்லப்பட்டது. 1938 பிப்ரவரியிலேயே அவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அவருக்கு வயது முப்பத்தொன்று.

1939-40 குளிர்காலத்தில், ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் லிதியா இந்த நாவலை எழுதினார். கதாநாயகி தம்மைப் போன்ற படித்த பெண் அல்ல. ஸோபியா பெத்ரோவ்னா ஒரு விதவை, பதிப்பகத்தில் டைப்பிஸ்ட், பத்திரிகையில் வருவதையெல்லாம் நம்புகிறவள். மகன் கைதாகிறான். சிறை வாசலில் நாட்கணக்கில் வரிசையில் நிற்கிறாள். நிற்கும்போது அவள் என்ன நினைக்கிறாள் தெரியுமா? சுற்றி நிற்கிற பெண்களெல்லாம் உண்மையான துரோகிகளின் தாய்மார், மனைவிமார். தன் பிள்ளை விஷயத்தில் மட்டுந்தான் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது! இதைவிடக் கொடுமையான பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை. ஆசிரியை ஒரு வார்த்தை குறுக்கே பேசுவதில்லை. நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னோர் இடம். நதாஷா என்ற டைப்பிஸ்டுக்கு ஒரே ஓர் எழுத்து தவறிவிடுகிறது. ‘செஞ்சேனை’ என்று அடிக்க வேண்டிய ருஷ்யச் சொல் ‘எலிச் சேனை’ என்பது போல ஆகிவிடுகிறது. வேலை போகிறது. அவளுக்காகப் பரிந்து பேசிய ஸோபியா பெத்ரோவ்னாவும் சுவர்ப் பத்திரிகையில் வசைக்கு ஆளாகிறாள். கையெழுத்துப் பிரதிகளோடு வாழ்ந்த ஒருத்திக்குத்தான் பயங்கரத்தை இத்தனை சிறிய இடத்தில் காணத் தோன்றும்.

நோட்டுப் புத்தகத்தை ஒரு நண்பர் ஒளித்துவைத்தார். லெனின்கிராட் முற்றுகையில் பசியால் சாகுமுன் அதைத் தம் சகோதரியிடம் சேர்த்துவிட்டார். 1962-ல் மாஸ்கோவில் ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. மறு வருஷமே மறுத்துவிட்டது. லிதியா அதன்மேல் வழக்குப் போட்டார்! 1965-ல் பாக்கிப் பணத்தையும் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று, புத்தகம் வரவில்லை. அதே வருஷம் பாரிஸில் வந்தது, தலைப்பும் கதாநாயகியின் பெயரும் மாற்றப்பட்டு. பிறர் பிரதியில் ஒரு சொல்லுக்காக மணிக்கணக்கில் வாதாடியவருக்கு இப்படி ஒரு பரிசு. ஸகாரவையும் ஸோல்ஷெனித்ஸினையும் ஆதரித்து எழுதியதற்காக 1974 ஜனவரியில் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். நாவல் சொந்த நாட்டில் அச்சானது 1988-ல். 1996-ல் காலமானார்.

‘நீரினுள் இறங்குதல்’ என்று அவருடைய இன்னொரு நாவலும் உண்டு. பலர் அதையே உயர்வாகச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. அதில் கதை சொல்லுகிற பெண்ணுக்கு எல்லாம் தெரியும். ஆசிரியையின் கோபம் கதைக்கு முன்னால் நடந்து போகிறது. நியாயமான கோபம்தான், சந்தேகமில்லை. ஆனாலும், இரண்டும் கைக்குக் கிடைத்தால் வாசகர்கள் டைப்பிஸ்டின் கதையை முதலில் படிக்கட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.