மகாவம்சத்தில் இரு சகோதரர் போர்: ஒரு மதிப்பீடு

கி.மு. 323இல் அலெக்சாந்தர் பபிலோனில் இறந்தபின், அவனுடைய தளபதிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்குள் பொருதனர். தொலமி எகிப்தையும் செலூக்கஸ் மேற்காசியாவையும் கைப்பற்றினர். அந்திகோனஸ் அனைத்தையும் விரும்பி, கி.மு. 301இல் இப்சஸ் களத்தில் உயிரிழந்தான். அக்களத்தின் முடிவை நிர்ணயித்தவற்றுள் சந்திரகுப்த மௌரியனிடமிருந்து செலூக்கஸ் பெற்ற இந்திய யானைகளும் அடங்கும். பின்னர் அசோகனின் 13ஆம் பாறைக் கல்வெட்டு, இத்தளபதிகளின் வழித்தோன்றல்களான அந்தியோகஸ், தொலமி, அந்திகோனஸ் ஆகியோரையும், சோழ, பாண்டியரையும், தாம்பிரபர்ணியையும் ஒரே மூச்சிற் குறிப்பிடுகின்றது. ஆகவே மத்தியதரைக் கடலின் அரசியலையும் இந்துமாக்கடலின் அரசியலையும் ஒருங்குவைத்து நோக்குதல் வலிந்து செய்யும் ஒப்பீடன்று.

இவ்வகையில் நோக்குதற்குரிய பகுதி மகாவம்சத்தின் 24ஆம் அத்தியாயமாகும். துட்டகைமுனுவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 25ஆம் அத்தியாயத்திற்கே, அதாவது எல்லாளனின் வீழ்ச்சிக்கே, விரைந்துவிடுகின்றனர். அதற்கு முந்திய அத்தியாயம் அண்ணன் தம்பியின் போரைச் சொல்வது. ஒரு காவியத்தின் நாயகனை அறிய அவன் பகைவனோடு பொருததை மட்டும் பார்த்தல் போதாது. உடன்பிறந்தானோடு பொருததையும் பார்த்தல் வேண்டும். இப்பகுதி புறக்கணிக்கப்படுவது தற்செயலன்று. இரு இனங்களின் போராக மட்டுமே கதையைக் காண விரும்புவோர், அவர் எப்பக்கத்தினராயினும், இதனால் இடர்ப்படுவர்.

கதை வருமாறு: உருகுணையின் அரசன் காக்கவண்ணதீசன் தன் மக்கள் இருவருக்கும் மூன்று கவளம் சோறு தருகின்றான். கவளத்திற்கொன்றாகச் சூளுறவு. பிக்குகளை மதிப்போம், தமக்குள் பொரோம் என்னும் முதலிரண்டையும் ஏற்று இருவரும் உண்கின்றனர். தமிழரோடு பொரோம் என்னும் மூன்றாவதனைத் தம்பி எறிந்துவிடுகின்றான். அண்ணனும் எறிந்துவிட்டுக் கைகால்களை முடக்கிப் படுக்கின்றான். அப்புறம் மகாகங்கைக்கு அப்பால் தமிழர், இப்புறம் கடல், எங்ஙனம் கால் நீட்டுவது என்று தாயிடம் அவன் கூறும் விடை பலரும் அறிந்தது. ஆனால் எறியப்பட்ட கவளத்தை நினைவிற் கொள்வோர் உண்ணப்பட்ட கவளத்தை மறந்துவிடுகின்றனர். இருவரும் விழுங்கிய சூளே முதலில் முறிந்தது. தந்தை இறந்ததும் துட்டகைமுனுவின் முதற் பெரும்போர் அனுராதபுரத்தின்மீதன்று; தம்பி தீசன்மீதே.

தீசன் தீகவாபியில் இருந்தவன். சொறிக்கல்முனை, கல்முனை, சம்மாந்துறை வயல்களோடு தொடர்ந்து கிடக்கும் சமவெளியின் பண்டைய மையம் அது. தந்தை இறந்தபோது தமையன் மலைநாட்டில் மறைந்திருந்தான். தீசன் வந்து ஈமக்கடன் முடித்து, தாய் விகாரமகாதேவியையும் கந்துலன் என்னும் யானையையும் அழைத்துக்கொண்டு தீகவாபிக்கு மீண்டான். ஈண்டு தொலமியை நினைவுகூர்தல் பொருந்தும். அலெக்சாந்தரின் உடல் மக்கெதோனியாவை நோக்கிச் செல்கையில், அதனை இடைவழியிற் கைப்பற்றி எகிப்துக்குக் கொண்டுசென்றவன் அவன். இறந்த அரசனை அடக்குபவனே அவனது உரிமையாளன் என்பது அக்காலத்து அரசியல் இலக்கணம். தீசன் செய்ததும் அதுவே. முடியை எவரும் சூடலாம். தாயும் பட்டத்து யானையும் ஒருவனிடமே இருக்கமுடியும். மும்முறை ஓலை அனுப்பியும் அவை கிடைக்காதபோது துட்டகைமுனு போருக்கெழுந்ததன் காரணத்தைத் தாய்ப்பாசத்தில் மட்டும் தேடுதல் பேதைமை.

முதற்களத்தில் அண்ணனின் வீரர் பல்லாயிரவர் மாண்டனர். அவனே ஓர் அமைச்சனோடு தப்பியோடினான். இரண்டாங் களத்தில், அண்ணன் ஏறிய பெண்குதிரை தன்னைத் தாண்டிக் குதித்ததால் நாணமுற்ற கந்துலன், தீசனைக் கீழே தள்ளிவிட்டதாம். (யானைக்கும் ஆண்மைச் செருக்கை ஏற்றிய நூலாசிரியரின் நகைச்சுவை உணர்வைப் பாராட்டாதிருக்க முடியவில்லை.) தீசன் விகாரையிற் புகுந்து தேரரின் கட்டிலின்கீழ் ஒளிந்தான். இறந்த பிக்குவைச் சுமப்பதுபோல அவனைத் துறவியர் சுமந்து சென்றனர். உள்ளே இருப்பவன் யாரென அறிந்தும் துட்டகைமுனு தடுக்கவில்லை. நூல் முழுவதிலும் அவன் மனிதனாக உயர்ந்து நிற்கும் இடம் இதுவே எனலாம்.

எனினும் இவ்விடத்திலேயே நூலின் அறநோக்கிலுள்ள பிளவும் வெளிப்படுகின்றது. எல்லாளனை வென்றபின் மன்னன் கொலைகளை எண்ணி வருந்த, எட்டு அருகதர் வந்து, மாண்டோருள் மனிதர் ஒன்றரைப் பேரே எனக் கணக்குக் காட்டி ஆற்றுவிக்கின்றனர். சகோதரர் போரில் மாண்ட பல்லாயிரவருக்காக எவரும் வரவில்லை, மன்னனும் வருந்தவில்லை. அவர்கள் அரைக் கணக்கிற்கும் உட்படாதவர். பகைவரின் சாவுக்கு விளக்கம் தேடிய நூலாசிரியர், தம்மவரின் சாவுக்கு விளக்கமே வேண்டியதில்லை எனக் கருதினார் போலும்.

மகாநாமர் எழுதியது நிகழ்ச்சிக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர். மரபுவழிக் கணக்கின்படி எல்லாளன் வீழ்ந்தது கி.மு. 161. ஆனால் கார்டியாவின் ஹீரோனிமஸ், முதலில் யூமனிஸிடமும், அவன் தோற்றபின் பகைவனாகிய அந்திகோனஸிடமும் பணியாற்றியவர். இரு பாசறைகளையும் கண்டவர். அவரது நூல் அழிந்தபோதிலும், தியோதோரஸ் வழியே எஞ்சியவற்றில் நல்லோன், தீயோன் என்னும் பாகுபாடு மிகக் குறைவு. மகாவம்சத்திற்கு இந்த அண்மை வாய்க்கவில்லை. ஆயினும் அது தன் நோக்கத்திற்கு ஒவ்வாத செய்திகளையும் மறைக்காமல் விட்டது. எல்லாளனின் நீதியைப் புகழ்ந்தது. துட்டகைமுனுவின் பதின்ம வீரருள் ஒருவனான நந்திமித்திரன், எல்லாளனின் தளபதி மித்தனின் மருகன் என்றது. நூலை அரசியலுக்குப் பயன்படுத்துவோரினும் நூல் நேர்மையானது.

இறுதியில் தேரர் ஒருவர் சகோதரரை இணக்குவிக்கின்றார். இணக்கத்தின் பின் நிகழ்ந்தது விழாவன்று, வேளாண்மை. தம்பியைப் பயிர்த்தொழிலை மேற்பார்க்குமாறு தீகவாபிக்கு அனுப்பிவிட்டு, அண்ணன் தானும் பறையறைந்து அதனையே செய்விக்கின்றான். எல்லாளன்மீது சென்ற படை எதனை உண்டு நடந்தது என்பதற்கு நூல் தரும் விடை இது. கிழக்கின் நெல்லின்றி அனுராதபுரம் வீழ்ந்திராது. துட்டகைமுனுவுக்குப் பதினோர் அத்தியாயங்களை ஒதுக்கிய மகாநாமர், அவனுக்குப்பின் பதினெட்டாண்டுகள் ஆண்டு தீகவாபியில் தூபியும் எழுப்பிய இத்தம்பிக்கு, பத்து அரசரைப் பற்றிய 33ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்திற் சில செய்யுட்களையே ஒதுக்கினார்.