மணிமேகலையும் கிறித்தவ வாசகரும்

சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள செம்பவாங், பிரித்தானியக் கடற்படைத் தளத்தை ஒட்டி வளர்ந்த ஊர். 1938-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற அத்தளத்தின் பட்டறைகளிலும் கப்பல் பழுதுபார்க்கும் துறையிலும் உழைக்கத் தமிழரும் மலையாளிகளும் வந்து குடியேறினர். அவர்களுள் கிறித்தவரும் இருந்தனர். 1971-இல் பிரித்தானியர் வெளியேறிய பின்னர்ப் பழைய தொழிலாளர் குடியிருப்புகள் மெல்ல மறைந்தன, அடுக்குமாடிகள் எழுந்தன. தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தின் எதிர்வீடு சீனப் பௌத்தரின் வீடாயிற்று. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள் பௌத்தர் 31.1 விழுக்காட்டினர், கிறித்தவர் 18.9 விழுக்காட்டினர். ஆதலின் பௌத்தத்தோடு கிறித்தவர் கொள்ளும் உறவு இங்கு ஏட்டுப் பொருள் மட்டும் அன்று.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டாரின் இறுதிச் சடங்கு நிகழுங்கால் ஊதுவத்தி ஏந்தலாமா, தலைவணங்கி நின்றால் போதுமா என்னும் வினா கிறித்தவர்க்கு எழுவதுண்டு. பலரும் தலைவணங்கலையே மேற்கொள்வர். இறந்தோர் வீட்டாரும் அதனைக் குறையாகக் கொள்வதில்லை. ஒழுகலாற்றின் அளவில் சிக்கல் இவ்வாறு எளிதில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதே கிறித்தவர் தமிழாசிரியராகவோ மாணாக்கராகவோ மணிமேகலையைக் கையில் எடுக்கும்போது தலைவணங்கி ஒதுங்கி நிற்றல் இயலாது. அங்குப் பௌத்தம் ஒரு சடங்காக நில்லாமல் வாதமாக வந்து எதிர்நிற்கிறது. உயிர் என ஒரு நிலைபொருள் இல்லை என்கிறது. படைத்தோன் ஒருவனை வேண்டாமலே உலகை விளக்குகிறது. இதனை எவ்வாறு படிப்பது?

இவ்வினாவுக்குக் கிறித்தவ உலகம் இதுவரை அளித்த விடைகள் பல. அவற்றுள் கொடியது நாகப்பட்டினத்தில் நிகழ்ந்தது. ஸ்ரீவிசய மன்னன் சூளாமணிவர்மன் தொடங்கி அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்த பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை லெய்டன் பெரிய செப்பேடுகள் கூறுகின்றன. கடல் கடந்த மலாய் நிலத்து அரசனுக்காகச் சைவச் சோழன் பௌத்தப் பள்ளிக்கு நிலம் விட்டான் என்பது சிங்கப்பூர்த் தமிழர் மறத்தற்குரிய செய்தியன்று. அந்நகரில் பௌத்தம் விட்டுச்சென்ற செங்கற் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. ஐரோப்பியர் அதனைச் சீனக் கோபுரம் என்றனர். புதுவெளிக் கோபுரம் என்பது உள்ளூர் வழக்கு. அதன் அருகே கல்லூரி நடத்திய இயேசு சபையாரின் வேண்டுகோளுக்கு அரசு இசைய, 1867-இல் அது இடிக்கப்பட்டது. அப்பகுதி மண்ணிலிருந்து 1856 முதலாகப் பல பத்தாண்டுகளில் ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புப் படிமங்கள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றின் பீடங்களில் தமிழ் எழுத்துகள் இருந்தன. இடித்தவர் தமிழின் பகைவர் அல்லர். 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்த அக்கல்லூரி தமிழர்க்கு ஆற்றிய கல்விப்பணி பெரிது. எனினும் தம் முற்றத்தில் நின்றது எவருடைய நினைவு என்று கேட்க அவர்க்குத் தோன்றவில்லை. அறியாமையே அங்குக் கடப்பாரை ஏந்தியது.

இலங்கையில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. அங்குக் கிறித்தவர் பௌத்தத்தைக் கற்றனர். ஆனால் மறுப்பதற்காகவே கற்றனர். 1818-இல் அச்சகப் பணிக்கென வந்த வெசுலியப் போதகர் டேனியல் கோகர்லி பாலி மொழியில் ஆழ்ந்த புலமை பெற்றார். 1849-இல் அவர் வெளியிட்ட சிங்கள நூல் பௌத்தத்தை அதன் மூலநூல்களைக் கொண்டே தாக்கியது. அவருடைய உடன்பணியாளர் இசுபென்சு ஆர்டி 1853-இல் பௌத்தம் பற்றிய பெருங் கையேடு ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இவர்களுடைய உழைப்பை இகழ்தல் தகாது. ஐரோப்பியர் பலர் பௌத்தத்தை முதலில் அறிந்தது இத்தகைய நூல்களால்தான். ஆயினும் பகைவன் கோட்டையை வரைபடம் எழுதுவோன் அக்கோட்டைக்குள் வாழ்வோரின் அடுப்பங்கரையைக் காணமாட்டான்.

அப்போர் 1873-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 26, 28 ஆகிய இரு நாள்களில் பாணந்துறையில் முற்றியது. கிறித்தவர் பக்கம் வெசுலியப் போதகர் டேவிட் டி சில்வாவும், அவருக்குத் துணையாகச் சிறிமான்னவும் நின்றனர். எதிரே நின்றவர் மொகொட்டிவத்தே குணானந்த தேரர். உயிர் இல்லையெனின் மறுபிறப்பு எடுப்பது யார், ஒருவன் செய்த வினையை வேறொருவன் நுகர்வது நீதியாகுமா என்று டி சில்வா வினவினார். குணானந்தரோ பழைய ஏற்பாட்டில் கடவுளின் பொறாமையைக் குறிக்கும் சொல்லைச் சிங்கள மொழிபெயர்ப்பாளர் மென்மையாக்கிவிட்டனர் என்று மக்கள் முன் எடுத்துக்காட்டினார். சமய வாதம் மொழிபெயர்ப்பு ஆராய்ச்சியாகத் திரும்பிய அவ்விடம் தமிழாசிரியர் ஊன்றி நோக்கத்தக்கது. மக்கள் வெற்றியைத் தேரர்க்கே அளித்தனர். அவ்வாதத்தின் ஆங்கில வடிவத்தைப் படித்த கர்னல் ஆல்காட் 1880-இல் இலங்கைக்கு வந்ததும், பௌத்தப் பள்ளிக்கூடங்கள் எழுந்ததும் வரலாறு. மறுப்பதற்காகக் கற்ற கல்வி மறுக்கப்பட்டதையே வளர்த்தது.

டேவிட் டி சில்வா கேட்ட வினா நூறாண்டுக்குப் பின் அதே திருச்சபை மரபில் வந்த மற்றொரு டி சில்வாவால் மீண்டும் எடுக்கப்பட்டது. மெதடிசுத் திருச்சபையைச் சேர்ந்த லின் டி சில்வா 1975-இல் பௌத்தத்திலும் கிறித்தவத்திலும் ‘தான்’ என்பதன் சிக்கலை ஆராய்ந்து நூல் எழுதினார். அழியாத உயிர் என்பது கிரேக்கர் கருத்து, விவிலியத்திற்கு உரியதன்று, மனிதன் தன்னளவில் ஒன்றுமில்லாதவன் என்னும் விவிலியப் பார்வை பௌத்தரின் அனாத்ம வாதத்தோடு நெருங்கி நிற்கிறது என்பது அவர் துணிபு. முன்னவர் எறிகணையாகக் கொண்டதைப் பின்னவர் பாலமாக்கினார். இது பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு குறையும் உண்டு. தானின்மையை ஏற்றபின் அவ்வெற்றிடத்தில் இறையாவியை அவர் அமர்த்துகிறார். பௌத்தரோ அவ்விடத்தில் எவரையும் அமர்த்த மறுப்பதையே தம் அறத்தின் உயிர்நாடியாகக் கருதுவர். விருந்தினர் என அழைத்துவந்து வீட்டார் உடையை அணிவித்துவிடுவதும் ஒருவகை மறுப்பே.

இத்தகைய உடைமாற்றம் புதியதும் அன்று. புத்தரின் வாழ்க்கைக் கதை மேற்கே பயணம் செய்து, போதிசத்துவர் என்னும் பெயர் திரிந்து யோசபாத்து ஆகி, உரோமத் திருச்சபையின் புனிதர் நிரலிலேயே இடம்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அறிஞர் அதனைத் தெளிவுற நிறுவினர். அரண்மனை நீத்த இளவரசனைக் கிறித்தவர் பல நூற்றாண்டு வணங்கினர். அவன் யார் என்றுதான் அறிந்திலர்.

தமிழுக்கு வருவோம். மணிமேகலையைக் கற்பிக்கும் கிறித்தவ ஆசிரியர், ஏன், பிற சமயத்து ஆசிரியரும், அமுதசுரபியைப் போற்றி அறவணர் உரையைத் தாண்டிச் செல்லும் வழக்கம் ஒன்று உண்டு. பசித்தோர்க்கு உணவிட்டமை, சிறைக்கோட்டம் அறக்கோட்டமானமை ஆகியவை எச்சமயத்தார்க்கும் இனிக்கும். ‘இது நம் அன்புநெறியே’ என்று சொல்லி முடித்துவிடலாம். சாத்தனார் அவ்வாறு முடிக்கவில்லை. ஆதிரையிடம் பெற்ற முதற் பிச்சையும், காயசண்டிகையின் தீராப் பசி தீர்ந்ததும், உதயகுமரன் வெட்டுண்டு வீழ்ந்தபோது மணிமேகலை உற்ற துயரும் எல்லாம் பன்னிரு சார்புகளைக் கூறும் இறுதிக் காதையை நோக்கியே நகர்கின்றன. பேதைமையில் தொடங்கிப் பிறவித் துன்பத்தில் முடியும் அச்சங்கிலியை அறியாதார்க்கு அமுதசுரபி வெறும் அன்னசத்திரம். கடவுளின் சாயலாகப் பிறனைக் கண்டு உணவிடுவது கிறித்தவ அறம். ‘யான்’, ‘எனது’ என்னும் பற்றின் வேர் அறுமாறு உணவிடுவது மணிமேகலையின் அறம். இரண்டு கைகளும் நீட்டுவது ஒரே சோறுதான். அவை நீளும் காரணம் வேறு. அவ்வேறுபாட்டை மறைப்பது காப்பியத்தைச் சுருக்குவதாகும்.

சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். ‘மறுபிறப்பு’ என்பது கிறித்தவத் தமிழில் மனந்திரும்பிய ஒருவன் இவ்வுடலிலேயே பெறும் புதுவாழ்வு; விரும்பத்தக்கது. மணிமேகலையிலோ அது அறுக்கவேண்டிய தளை. ஒரே வகுப்பில் இருக்கும் இரு மாணவர் இச்சொல்லைக் கேட்டு ஒருவர் மகிழ்வர், மற்றவர் அஞ்சுவர். ‘பள்ளி’ என்னும் சொல்லோ இணக்கத்தின் சான்று. சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த அது இன்று பிள்ளைகள் கற்கும் இடத்தையும், மலையாளத்தில் கிறித்தவர் கோவிலையும் குறிக்கிறது.

உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்டபோது பௌத்தம் கற்பிக்கத் தமிழகத்தில் பௌத்தர் எவரும் அவர்க்குக் கிடைத்திலர். கும்பகோணத்தில் உடன்பணியாற்றிய இரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டு அறிந்தே 1898-இல் நூலை வெளியிட்டார். பௌத்த சமயச் செய்திகளையும் எழுதிச் சேர்த்தார். சைவ மரபில் வந்தவர், வைணவ நண்பர் வாயிலாகப் பௌத்தம் கற்று, அதனை உள்ளவாறே தந்தார். அவர் பௌத்தர் ஆகவில்லை; ஆகவேண்டிய தேவையும் இல்லை. மயிலை சீனி.வேங்கடசாமி ‘கிறித்தவமும் தமிழும்’ எழுதிய கையாலேயே 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’ எழுதியதும் இவ்வகையதே.

காப்பியத்திற்குள்ளும் இதற்கு ஒரு காட்சி உண்டு. வஞ்சி நகரில் மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் உரைக்கும் கொள்கைகளைக் கேட்கிறாள். பெரும்பாலும் வாயடைத்தே கேட்கிறாள். பூதவாதியிடம் மட்டும் நகைத்து ஒரு வினா எழுப்புகிறாள். சாத்தனார் நடுவர் அல்லர் என்பதை மாணாக்கர்க்கு மறைத்தல் கூடாது. பிற சமயத்தார்க்குச் சில அடிகளும், பௌத்தத்திற்கு நீண்ட காதைகளும் இறுதிச் சொல்லும் அவர் ஒதுக்கியுள்ளார். பாணந்துறை மேடையின் சாயல் வஞ்சியிலும் சிறிது உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தம் கலைச்சொற்களாலேயே கூற அவர் இடமளித்தார். ஆசீவகம் பற்றி இன்று ஆராய்வோர் மணிமேகலையைத் தேடி வருவதற்குக் காரணம் அதுவே. மறுக்க எண்ணிய புலவன் மறுக்கப்பட்டோரின் குரலைக் காத்துத் தந்தான்.

செம்பவாங்கிலோ தஞ்சையிலோ யாழ்ப்பாணத்திலோ இறுதிக் காதையைப் படிக்கும் கிறித்தவ மாணவன் ஒருவன், “அப்படியாயின் வீடு பெறுவது யார்?” என்று கேட்கக்கூடும். டேவிட் டி சில்வா கேட்டது அது. ஆசிரியர் மகிழ்ந்து பௌத்தம் வீழ்ந்தது என்று கூறிவிடுதல் எளிது. முதற்சாமத்துச் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றா வேறா என்று மிலிந்தன் வினாக்களில் வரும் உவமையைச் சொல்லி, அச்சுடர் தொடர்வதற்கு உள்ளே ஒரு பொருள் வேண்டுமா என்று அவனையே திருப்பிக் கேட்பது கடினம். இரண்டாவதனைச் செய்த பின்னர், தம் திருச்சபையின் விடை என்ன என்று மாணவன் வினவினால் அதனையும் அவர் தயங்காது கூறலாம்.