கரைந்துபோகும் சட்டகத்துக்கு யார் விலை கொடுப்பது?

2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் போனது நியாயம். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் பிணைத்து, உள்ளே காலியிடம் நிறைந்த சட்டகங்களைக் கட்டலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். காற்றின் ஈரத்திலிருந்து நீர் எடுக்கவும், கரியமில வாயுவைப் பிடித்துவைக்கவும் அந்தக் காலியிடம் உதவுகிறது. இதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அதே மூச்சில், நீர்ப்பகுப்பிலும் எரிமின்கலத்திலும் பிளாட்டினத்தையும் இரிடியத்தையும் ஓரங்கட்டும் ‘மலிவு வினையூக்கி’ என்று இச்சட்டகங்களைப் போற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

காரக் கரைசலில் நீரை மின்சாரத்தால் பகுக்கும்போது ஆக்சிஜன் வெளிவரும் மின்வாயில் என்ன நடக்கிறது? நிக்கல், கோபால்ட் சட்டகங்கள் பலவும் அங்கே குலைந்துவிடுகின்றன. கரிமப் பிணைப்பு கரைசலோடு போய்விடுகிறது. மிஞ்சும் உலோக ஆக்சிஹைட்ராக்சைடுதான் வேலையைச் செய்கிறது. ஏறக்குறைய அதே பொருளை, நிக்கல் உப்பையும் இரும்பு உப்பையும் காரத்தில் வீழ்படிவாக்கி ஒரே மதியத்தில் செய்துவிடலாம். அப்படியிருக்க, கரிம அமிலத்தையும், கல்லீரலுக்குக் கேடான டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பானையும், அடுப்பில் பல மணி நேரச் சூட்டையும் எதற்காகச் செலவழித்தோம்? உலோகத்தின் சந்தை விலையை மட்டும் கணக்கில் எழுதிவிட்டு ‘மலிவு’ என்பது கணக்கே அல்ல.

எரிமின்கலத்துக்கான இரும்பு வினையூக்கிகள் இதைவிட மதிப்பானவை. ஆனால் அங்கேயும் இரும்பு சேர்த்த துத்தநாகச் சட்டகத்தை 900 டிகிரிக்கு மேல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். துத்தநாகம் ஆவியாகிவிடுகிறது, சட்டகம் வெறும் அச்சு. அமிலச் சூழலில் அந்தக் கரியின் ஆயுள் பிளாட்டினத்தின் ஆயுளை இன்னும் எட்டவில்லை.

நீர்ப்பகுப்பு வினையூக்கிகளைச் சோதிக்கும் முறை, நீடித்து உழைக்காத இந்தக் குறையை மறைக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியர், 1 மோலார் காரம், அறை வெப்பநிலை, சில பத்து மணி நேரம்: இதுதான் வழக்கம். அந்த 10, சுமார் 10 சதவீதத் திறனுள்ள சூரிய எரிபொருள் கருவியை மனத்தில் வைத்துப் பிறந்த எண். ஆலையில் ஓடும் காரவகை மின்பகுப்பியோ 200 முதல் 400 மில்லியாம்பியரில், 30 சதவீதக் காரத்தில், 70, 80 டிகிரி சூட்டில், ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அங்கே ரேனி நிக்கல் எனும் நுண்துளை நிக்கல் பல பத்தாண்டுகளாக வேலை செய்துவருகிறது. மலிவு என்றால் முதலில் அதோடு மோத வேண்டும்.

ஆய்வாளர்களே, உங்கள் சட்டகத்தின் பக்கத்தில், அதே நிக்கல் வலையில், சாதாரண நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடையும் பூசி, ஆலையின் சூட்டிலும் காரத்திலும் 1000 மணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு முடிவுகளையும் ஒரே படத்தில் அச்சிடுங்கள்.