சூழ்தலும் அடக்கலும்: ஆங்கில வினைகள் சில

ஒரு பொருள் மற்றொன்றைச் சுற்றி நிற்றலையும், தன்னகத்தே கொண்டு நிற்றலையும் உணர்த்த ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பலவுள. சரௌண்டு, என்கம்பஸ், என்குளோஸ், கன்டெயின், இன்க்லூட், கம்ப்ரைஸ் என்பன அவற்றுள் பெருவழக்கின. தமிழில் பெயர்க்கப் புகுவோர் இவற்றையெல்லாம் ‘சூழ்’, ‘உள்ளடக்கு’ என்னும் இரு சொற்களுள் பெய்துவிடுதலைப் பலவிடத்தும் காண்கின்றோம். இவ்வழக்கம் மூலத்தின் பொருளைச் சிதைப்பதோடு, தமிழ் தானே வைத்திருக்கும் வேறுபாடுகளையும் மறைத்து விடுகின்றது என்பது எம் கருத்து.

சுற்றி நிற்றலைக் குறிக்கும் சொற்களை முதற்கண் நோக்குவாம். ‘சரௌண்டு’ என்பதனுள் வட்டத்தைக் குறிக்கும் ‘ரௌண்டு’ இருப்பதாகவே ஆங்கிலேயரிற் பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. இலத்தீனில் அலையைக் குறிக்கும் ‘உண்டா’ என்னும் சொல்லடியாகப் பிறந்து, ‘மேலே வழிந்தோடுதல், வெள்ளம் பெருகி மூடுதல்’ என்று பொருள்பட்ட வினையே அது. ஒலி ஒப்புமையால் வட்டச் சொல்லோடு மயங்கி, 17ஆம் நூற்றாண்டில் சுற்றி நிற்றல் என்னும் பொருளைப் பெற்றது. சொல்லின் பிறப்பைக் கொண்டே அதன் வழக்கை வரையறுக்க முயல்வார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

‘கம்பஸ்’ என்னும் வினை தமிழறிஞர் கருத்தை இன்னும் மிகுதியாக ஈர்க்கற்பாலது. சுற்றிவருதல் என்பதோடு, கருதுதல், திட்டமிடுதல் என்ற பொருளும் அதற்குப் பண்டு உண்டு. இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்தில், 1351-இல், சட்டவழக்கிற்குரிய பிரெஞ்சு மொழியில் எழுந்த இராசத்துரோகச் சட்டம் மன்னன் இறப்பைக் கருதுதலைக் குற்றமாக்கிற்று. அதன் ஆங்கில வடிவில் அக்கருத்தை உணர்த்தி நிற்பது இவ்வினையே. நம் ‘சூழ்’ என்பதும் இவ்வாறே வளைத்தலையும் ஆராய்ந்தெண்ணலையும் ஒருங்கு உணர்த்தும். ‘சூழ்ச்சி’ முன்னர் அமைச்சர்க்குரிய ஆராய்ச்சியைச் சுட்டிப் பின்னரே வஞ்சனைப் பொருளில் ஒதுங்கிற்று. ஒரு மொழியிடமிருந்து மற்றொன்று இதனைப் பெற்றதென்று கொள்ள இடமில்லை. ஒன்றை எல்லாப் பக்கமும் சுற்றி நோக்குதலே எண்ணுதல் என்னும் உருவகம் இரு மொழியிலும் தனித்தனியே தோன்றியிருத்தல் வேண்டும். ஆனால் இக்கால ‘என்கம்பஸ்’ பெரும்பாலும் பல பொருளையும் தன் எல்லைக்குட் கொள்ளுதலையே குறித்தலின், அதனை எங்கும் ‘சூழ்’ என்று பெயர்த்தல் பொருந்தாது.

இனி, பெருந்தீங்கு விளையுமிடம் ‘இன்க்லூட்’, ‘கம்ப்ரைஸ்’ என்னும் இரண்டுமாம். முன்னது முழுமையின் உறுப்புகளுட் சிலவற்றைச் சொல்லினும் அமையும். பின்னது எல்லா உறுப்பையும் எண்ணி முடித்தலை வேண்டும். 1926-இல் தம் ஆங்கில வழக்கு அகராதியை வெளியிட்ட பௌலர் இவ்விரண்டனையும் வேறுபடுத்திக் காட்டினார்.

இந்திய அரசியலமைப்பிலேயே இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். முதல் உறுப்பின் மூன்றாம் உட்பிரிவு இந்திய ஆட்சிநிலப்பரப்பை ‘கம்ப்ரைஸ்’ என்னும் வினையால் வரையறுக்கின்றது. மாநிலங்களின் நிலப்பகுதி, ஒன்றியத்து ஆட்சிப்பகுதிகள் என்பவற்றோடு நில்லாது, இனி ஈட்டப்பெறும் நிலத்தையும் ஆங்கு எண்ணியுள்ளனர். பட்டியல் மூடிய பட்டியலாதலின் வருங்காலத்து நிலத்திற்கும் அதனுள்ளேயே இடம் வகுத்தனர் போலும். பன்னிரண்டாம் உறுப்போ ‘அரசு’ என்பதனை ‘இன்க்லூட்’ என்னும் வினையால் விளக்குகின்றது. அப்பட்டியலில் நீதிமன்றத்தின் பெயர் இல்லை. இல்லாமையால் அது நீக்கப்பட்டதென முடிந்துவிடாது, ‘அரசு’ என்பதனுள் அதுவும் அடங்குமோ என்னும் வாதம் நெடிது நடந்தமைக்கு இவ்வினை திறந்துவைத்த வாயிலும் ஒரு காரணம். இச்சொல் பொதுவாகப் பொருளை விரிப்பதென்றும், இடம் நோக்கிச் சிலபோது எல்லை கட்டுவதும் ஆகுமென்றும் 1899ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியிற் பதிவான டில்வொர்த் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் விளக்கியது. இவ்விரண்டிடத்தும் ‘உள்ளடக்கியது’ என்றே எழுதிச் செல்லும் மொழிபெயர்ப்பாளர், தம்மை அறியாமலே தீர்ப்பு வழங்கிவிடுகின்றார்.

தமிழில் இதற்கு வழியில்லையோ எனின், உண்டு. ஆனால் அது வினையில் இல்லை. ‘எழுத்து, சொல், பொருள் ஆகிய மூன்றதிகாரங்களை உடையது தொல்காப்பியம்’ என்றவிடத்து ‘ஆகிய’ என்பது எண்ணை மூடுகின்றது. ‘பொருளதிகாரத்தின்கண் உவமவியல், செய்யுளியல் முதலிய இயல்கள் உள’ என்றவிடத்து ‘முதலிய’ என்பது எண்ணைத் திறந்து வைக்கின்றது. பள்ளிச் சிறாரும் அறிந்த இவ்வேறுபாட்டைச் சட்டம் பெயர்ப்போர் கைநெகிழ விடுதல் வியப்பே.

‘கம்ப்ரைஸ்’ பற்றி ஆங்கிலேயர் தமக்குள்ளே மாறுபடும் செய்தியொன்றும் உண்டு. நம் இலக்கணத்தார் கூறும் முதல், சினை என்னும் பாகுபாட்டால் அஃது எளிதின் விளங்கும். ‘கம்ப்ரைஸ்’ என்பதற்கு முதற்பொருள் எழுவாயாகும். ‘கம்போஸ்’ என்பதற்குச் சினைப்பொருள் எழுவாயாகும். பின்னதைச் செயப்பாட்டுவினையாக்கி, முழுமை உறுப்புகளால் ‘கம்போஸ்’ செய்யப்பட்டது என்னலாம். அதனைப் பார்த்து ‘கம்ப்ரைஸ்’ என்பதனையும் செயப்பாட்டு வடிவில் வழங்கத் தொடங்கினர். பழம்பொருளை விடாது நோக்கின், உறுப்புகள் முழுமையைத் தம்முள் அடக்கின என்று அது தலைகீழாகும். சினையை எழுவாயாக்கும் வழக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுத்தில் தோன்றியது. இன்று அகராதிகளும் அதற்கு இடந்தருகின்றன. ஆதலின் பிழையென்று ஒரேயடியாகத் தள்ளுதல் யாம் உடன்படுவதன்று. எனினும் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நம் மாணவர் அதனைக் கொள்ளாமையே நன்று. படிப்போர் கருத்து பொருளை விட்டுச் சொல்லின்மேற் செல்லும். அடங்கு, அடக்கு என வல்லெழுத்து மிகுதலாலேயே இருதிசையையும் பிரித்துணர்த்தும் மொழியினர்க்கு இம்மயக்கம் புதுமையாகவே தோன்றும்.

‘கன்டெயின்’ என்பது ஒருங்கு பிடித்தல் என்னும் இலத்தீன் வினைவழி வந்தது. ‘இப்பெட்டி நூல்களை உள்ளடக்கியுள்ளது’ என்று இதனைப் பெயர்த்தல் இன்று பெருகி வருகின்றது. ‘இப்பெட்டியில் நூல்கள் உள்ளன’ என்று ஏழாம் வேற்றுமைப் பொருள்பட இடத்தை இடமாகவே வைத்தல் தமிழ் மரபு. பெட்டியை வினைமுதலாக்கல் ஆங்கில மரபு. இவ்விடத்து இழுக்கு நடையளவில் நிற்கும். தீ விபத்துச் செய்தியிலோ பொருளே பிறழும். தீயை ‘கன்டெயின்’ செய்தனர் என ஆங்கிலத்தில் வருமாயின், அது மேலும் பரவாதவாறு எல்லைக்குள் நிறுத்தினர் என்பதே பொருள். உள்ளே தீ எரிந்துகொண்டிருக்கலாம். ‘தீ அடக்கப்பட்டது’ என்று தமிழில் எழுதினால், தீ தணிந்தது, இனி அஞ்சவேண்டுவதில்லை என்றே படிப்போர் கொள்வர். ஈண்டு ‘தீ பரவாமல் தடுக்கப்பட்டது, இன்னும் அணையவில்லை’ என ஒரு வினையை இரு தொடராக விரித்தலில் இழுக்கொன்றுமில்லை.