பாவாடை நாடா

புகையிலை இலையில் தேமல் போலத் திட்டுத்திட்டாய் வெளுப்பு விழ வைக்கும் வைரஸ் ஒன்று உண்டு. பயிர் செய்பவருக்கு அது சனியன்தான். எனக்கோ அதன் புரதச் சட்டையைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

300 நானோமீட்டர் நீளம், 18 அகலம், நடுவே துளையோடும் குச்சி. ஒரே அச்சில் வார்த்த 2,130 புரதங்கள் சுருள் படிக்கட்டாக ஏறுகின்றன. மூன்று சுற்றுக்கு 49 புரதம். அப்போதுதான் ஒன்றின் நேர் உச்சியில் இன்னொன்று வரும். செங்கல் இணைப்புகளை மாற்றி மாற்றி வைக்கும் கொத்தனாரின் கை தெரிகிறது. ஆனால் இங்கே கொத்தனார் கிடையாது. 1955இல் பெர்க்லியில் ஃப்ரேங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானிகள் புரதத்தையும் மரபுச் செய்தி தாங்கும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாகப் பிரித்து, மறுபடி ஒன்றாகக் கலந்தார்கள். குச்சி தானே எழும்பியது, செடியையும் தொற்றியது.

கட்டுமானம் ஆர்.என்.ஏ.வின் நுனியில் தொடங்குவதில்லை என்பதுதான் வேடிக்கை. உள்ளே ஓரிடத்தில் உள்ள மடிப்பு, புரத வட்டின் துளைக்குள் நுழைகிறது. பிறகு பாவாடைக்கு நாடா கோப்பதுபோல நீண்ட வால் துளை வழியே மேலே இழுபட, வட்டுகள் வந்து வந்து உட்காருகின்றன. ஒவ்வொரு புரதமும் ஆர்.என்.ஏ.வின் மூன்று எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வைரஸின் ஐந்தடி மாதிரியை 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக விஞ்ஞானி ரோசலிண்ட் ஃப்ராங்க்ளின் செய்தார். சைக்கிள் ஹேண்டில்பாரின் பிளாஸ்டிக் பிடிகளையெல்லாம் வாங்கிக் கோத்தாராம். கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் அவர் இறந்துபோனார்.